‘மோட்டார் தாத்தா’ எழுதுகிறேன்

பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசிப் பழகிய வாய், ஓய்வு பெற்ற பிறகும் மணி அடித்தால்தான் மூடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் 17 பேர். கட்டில் இருப்பது இரண்டு. மற்றவர்கள் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். காணும் பொங்கல் அன்று காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஒலிப்பதிவு வந்து விழுந்தது. 2 நிமிடம் 40 விநாடி. அனுப்பியவன் என் பெரிய பேரன், ஒன்பதாவது படிக்கிறான். மேலே தலைப்பு: ‘மோட்டார் தாத்தா’.

2023-ல் வந்த ‘குட் நைட்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மணிகண்டன் நடித்த கதாநாயகன் விடுகிற குறட்டைக்கு ‘மோட்டார் மோகன்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். நல்ல படம்தான். குறட்டை விடுகிறவன் படும் வெட்கத்தையும், பக்கத்தில் படுக்கிற புது மனைவி தூக்கமில்லாமல் படும் பாட்டையும் பரிவோடு காட்டியிருந்தார்கள். ஆனால் நம் வீடுகளில் ஒட்டிக்கொண்டது அந்தப் பரிவு இல்லை, ‘மோட்டார்’ என்ற பெயர் மட்டும்.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகள் அதற்குப் பின்னணி இசை சேர்த்து மறுபடி போட்டாள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். உள்ளே கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. 36 வருஷம் வகுப்பில் தூங்கின பிள்ளைகளைச் சாக்பீஸ் துண்டால் எழுப்பியவன், இன்று தூங்குகிறபோது பிடிபட்டுவிட்டேனே என்று.

எல்லோரும் ஊருக்குப் போன பிறகு இரவு தனியாக உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். யாரோ முரட்டு ஆள் ஒருவன் மரம் அறுப்பது மாதிரி நாலைந்து இழுப்பு. பிறகு சத்தமே இல்லை. மின்விசிறியின் ஓசை மட்டும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 19 விநாடி. அதற்கப்புறம் தண்ணீரில் முங்கினவன் தலை தூக்குவது போல ‘ஹக்’ என்று ஒரு இழுப்பு, மறுபடி மரம் அறுப்பு. அடுத்த தடவை 24. கடைசித் தடவை 31. எல்லோரும் சிரித்தது அந்த ‘ஹக்’ வரும் இடத்தில்தான்.

எனக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. என் அண்ணனின் சத்தம் அது.

அண்ணன் விசைத்தறி ஓட்டியவர். கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி, ஆர்.கே.பேட்டைப் பக்கம் போனால் தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேட வேண்டும், உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்பார்கள். தறிக்காரனுக்குச் சத்தம் தொந்தரவே இல்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து உட்காருவான். இழை அறுந்திருக்கும். அண்ணனுக்கு அப்படி ஒரு காது. நாலு தறியில் ஒன்று நின்றாலும் தூக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார். அவர் குறட்டையும் தறிக்குக் குறைந்ததில்லை. அதுவும் நடுநடுவே நிற்கும். நாங்கள் யாரும் எழுந்து உட்காரவில்லை. “இதோ நின்னுடுச்சு… இப்ப வரும் பாரு” என்று பிள்ளைகள் போர்வைக்குள் காத்திருப்பார்கள். ‘ஹக்’ வந்ததும் கொல்லென்று சிரிப்பு. நானும்தான்.

58 வயதில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு, கொடுத்து வைத்தவர் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பி.பி. இருந்தது, பீடி இருந்தது. எதனால் போனார் என்று யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே குறட்டைதான் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மூச்சு நின்று நின்று வந்ததை இருபது வருஷம் கேட்டோம், ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியன். தெரியாததைப் படித்து, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். இந்த ஒரு வருஷமாக இதைப் படித்தேன், டாக்டர்களைக் கேட்டேன். அதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் காற்றுப் பாடம் நடத்தும்போது நான் செய்து காட்டுவது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, இரு கையிலும் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, நடுவில் ஊதச் சொல்வேன். தாள்கள் விலகும் என்றுதான் எல்லோரும் சொல்வீர்கள். ஊதினால் இரண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது, பக்கச் சுவர்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. விட்டுவிட்டு ஊதினால் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

குறட்டை என்பது அந்தப் படபடப்புத்தான். மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் இருக்கிற பாதைக்கு எலும்புச் சுவர் கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. விழித்திருக்கும் வரை அவை கவனமாக இருக்கும். தூங்கினதும் தளர்ந்துவிடும், பாதை ஒடுங்கும். ஒடுங்கின பாதையில் காற்று வேகம் எடுக்கும். மேலே அண்ணம், உள்நாக்கு, பக்கச் சுவர், நாக்கின் அடி, எது தொளதொளவென்று இருக்கிறதோ அது அதிரும். எழுத்துகளின் பிறப்பு நடத்தும்போது “அண்ணத்தை நாக்கால் தொட்டுப் பார்” என்பேனே, அதே அண்ணத்தின் பின்பாதி, மெத்தென்று இருக்கும் பகுதி. நாம் குறட்டை என்கிறோம், நம் தெருத் தெலுங்குக்காரர்கள் குரக என்கிறார்கள். எந்த மொழிக்காரர் பெயர் வைத்தாரோ, அந்த ‘ர’ அதிர்வை விடவில்லை பாருங்கள்.

அப்படியானால் ஒருவர் குறட்டை போல இன்னொருவருடையது ஏன் இல்லை? இதற்கு விடை புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எனக்குக் கிடைத்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்குச் சாரணர் பிள்ளைகளைத் தொண்டுக்கு அழைத்துக்கொண்டு திருத்தணி போவோம். காவடி எடுத்து, 365 படி ஏறி இறங்கினவர்கள் களைத்து மண்டபத்தில் படுத்திருப்பார்கள். நூறு பேர் தூங்குகிற இடத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் குறட்டையில் உள்ள எல்லா ரகமும் காதில் விழும். வாய் மூடியிருக்கிறது, மூக்கில் மட்டும் சன்னமாக விசில் என்றால் அது பெரும்பாலும் மூக்கு விவகாரம். சளி, ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைந்திருப்பது, உள்ளே சதை வளர்ந்திருப்பது. மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விட வேண்டும். வாய் திறந்தால் தாடை பின்னால் சரியும். சத்தம் இடம் மாறும். அடி ஸ்தாயியில் கொர்ர் என்று நிதானமாக வருவது அண்ணத்தின் அதிர்வு. நாக்கின் அடியில் பிறக்கிற சத்தத்துக்குச் சுருதி கொஞ்சம் மேலே, கரகரப்பும் கூட, கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். உதடு மட்டும் ‘ப்பூ’ என்று ஊதுகிறவர்களும் உண்டு. அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. காதால் கேட்டே எந்த இடத்துக் கோளாறு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, பல இடங்கள் சேர்ந்தும் அதிரும் என்று டாக்டர் எச்சரித்தார். சரி.

அதே மனிதருக்கே ஒரு இரவு போல மறு இரவு இருக்காது. மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையிலேயே பின்னால் விழும், சத்தம் கூடும். ஒருக்களித்தால் பாதிப் பேருக்குக் குறைந்துவிடும். குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும். “இன்னைக்கு சவுண்டே வேற, எங்கேயோ போயிட்டு வந்திருக்கார்” என்று கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கிற மருமகள்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. தூக்க மாத்திரைக்கும் இதே குணம் உண்டு. பீடி, சிகரெட் தொண்டைச் சவ்வை வீங்க வைக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குறட்டை வரலாம். எடை கூடினால் வயிற்றில் மட்டும் சேருவதில்லை, கழுத்துக்குள்ளும் நாக்குக்குள்ளும்கூடக் கொழுப்பு சேரும். அதற்காக ஒல்லியாக இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். தாடை சிறிதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவருக்கும் இதே கதிதான். ஆசியர்களான நமக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே இந்தத் தொல்லை வந்துவிடுகிறது என்கிறார்கள்.

இவ்வளவும் சத்தம் கூடுவதற்கும் குறைவதற்கும் காரணங்கள். நான் இந்தப் பதிவு எழுதுவது சத்தத்துக்காக இல்லை, நிசப்தத்துக்காக.

தாள்கள் படபடத்தால் குறட்டை. இரண்டும் முழுசாக ஒட்டிக்கொண்டால் காற்றே போகாது. நெஞ்சு ஏறி இறங்கும், வயிறு எக்கும், உள்ளே ஒன்றும் போகாது. 10 விநாடிக்குக் குறையாமல் இப்படி நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கு எழுதுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க இறங்க மூளை பதறி உடம்பை உலுக்கி எழுப்பும். முழுசாக முழிப்பு வராது. தசை இறுகும் அளவுக்குத்தான். அதுதான் அந்த ‘ஹக்’. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ராத்திரி முழுக்க ஒருவனைத் தூங்கவிட்டு உலுக்கி, தூங்கவிட்டு உலுக்கிக்கொண்டிருந்தால் அவன் பி.பி. என்ன ஆகும், இதயம் என்ன ஆகும்?

இவ்வளவு தெரிந்த பிறகு என் வீட்டம்மாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, “இந்த மாதிரி மூச்சு நிக்குதே, நீ கவனிச்சிருக்கியா?” என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: “பத்து வருஷமா நின்னப்பல்லாம் காலால ஒரு உதை விட்டுக்கிட்டுதானே இருக்கேன். நீங்க தூங்குறீங்க, நான் காவல். எத்தனையோ தரம் சொல்லிட்டேன். ‘நான் எங்கடி குறட்டை விடறேன்’னு என்கிட்டயே சண்டைக்கு வருவீங்க.”

உண்மை. அவள் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனில் கேட்டபோதுதான் நம்பினேன். பேரன் மேல் கோபம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் பார்த்த மருத்துவர், எங்கே என்று சொல்ல வேண்டாம், “வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் சார், எடையைக் குறைங்க” என்று முடித்துவிட்டார். நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். கெட்ட செய்தி இல்லையென்றால் நமக்கு அந்த டாக்டர்தான் நல்ல டாக்டர். மகள் விடவில்லை. சென்னையில் காது மூக்கு தொண்டை நிபுணரிடமும், நுரையீரல் நிபுணரிடமும் காட்டினாள். அவர்கள் எட்டுக் கேள்வி கேட்டார்கள். கனடாவின் டொராண்டோவில் மயக்க மருந்து நிபுணர் பிரான்சிஸ் சங் என்பவரும் அவர் குழுவினரும் 2008-ல் வெளியிட்ட கேள்விகள். உங்கள் குறட்டை மூடின கதவைத் தாண்டிக் கேட்குமா? பகலில் அசதியா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமனா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே யோசிக்க வேண்டும். எனக்கு எட்டுக்கு ஏழு. எந்தப் பரீட்சையிலும் நான் இவ்வளவு வாங்கியதில்லை.

மயக்க மருந்து நிபுணருக்குக் குறட்டையில் என்ன அக்கறை என்று எனக்கும் தோன்றியது. மயக்கம் கொடுத்தால் தொண்டை தளரும், அறுவைக்குப் பின் கொடுக்கிற வலி மருந்தில் மூச்சு இன்னும் மந்தமாகும். ஆகவே உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றால், சர்க்கரை, பி.பி. சொல்வதைப் போலக் குறட்டையையும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு இரவு தூக்கப் பரிசோதனை. தலையில் பசை வைத்து ஒயர்கள், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப், மூக்கில் குழாய். பொங்கல் மாடு மாதிரி அலங்கரித்துப் படுக்க வைத்தார்கள். இதில் எவன் தூங்குவான் என்று நினைத்தேன், பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேனாம். அதுவே ஒரு நோய்க்குறி என்றார் அந்தத் தங்கச்சி. முடிவு: மணிக்கு 34 தடவை. ஆக்சிஜன் 78 வரை இறங்கியிருக்கிறது. இரண்டு மாத்திரை போட்டும் பி.பி. ஏன் அடங்கவில்லை, ராத்திரி மூன்று தடவை ஏன் ஒன்றுக்குப் போனேன், காலையில் ஏன் தலை கனத்தது, பேப்பர் படிக்கும்போதே ஏன் தலை தொங்கியது, பேரப்பிள்ளைகளிடம் ஏன் எரிந்து விழுந்தேன், எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டது. நான் ஒவ்வொன்றையும் வயசின் தலையில் கட்டி வைத்திருந்தேன்.

இப்போது இரவில் முகத்தில் முகமூடி மாட்டி ஒரு மெஷினோடு படுக்கிறேன். சிபாப் என்று பெயர். காற்றை லேசான அழுத்தத்தில் ஊதிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றே பாதையைத் திறந்து பிடிக்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தது. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத் திருப்பி வைத்து ஊத விட்டுத்தான் ஆரம்பித்தாராம். ஆக, குறட்டைக்கு மருந்தும் ஒரு மோட்டார்தான், பேரனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 40 ஆயிரம். பென்ஷன்காரனுக்குச் சிறிய தொகை இல்லை, தினக்கூலிக்காரருக்கு எட்டாத தொகை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் முகமூடியைப் பிய்த்து எறிந்தேன். இப்போது பழகிவிட்டது. ராத்திரி எழுவது ஒரு தடவையாகக் குறைந்தது. வீட்டம்மா முதல் வாரம் தூங்கவில்லை. “சத்தமே இல்ல, பயமா இருக்கு” என்று எழுந்து எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம்.

என் வழக்கு இதுதான். குறட்டை நம் ஊரில் ஒன்று சிரிப்பு, இல்லையென்றால் பாராட்டு. “படுத்தான், குறட்டை விட்டான், கவலையில்லாத ஆள்” என்கிறோம். இரண்டுமே ஆளைக் கவனிக்கவிடாமல் செய்கின்றன. நாம் மட்டும் இல்லை, உலகமே இப்படித்தான். 1836-37-ல் டிக்கன்ஸ் தன் ‘பிக்விக்’ நாவலில் எந்நேரமும் தின்று, நின்ற இடத்தில் தூங்கி விழும் ஜோ என்ற குண்டுப் பையனை வைத்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். 1956-ல்தான் மருத்துவர்கள் அதே போன்ற நோயாளி ஒருவரை விவரித்து, நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். 1993-ல் சுவீடனில் ஒருவரின் குறட்டை 93 டெசிபல் என்று அளந்து கின்னஸில் சேர்த்தார்கள். சாதாரணப் பேச்சு 60. சாதனை என்று ஊரெல்லாம் சிரித்ததே, அதை அளந்தது ஒரு மருத்துவமனையில். அவர் மூச்சுத்தடை நோயாளி. நம் நாட்டில் ‘டிஸ்கோ டான்ஸர்’ இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 இரவு மும்பையில் 69 வயதில் இறந்தபோது, மரணத்துக்குக் காரணம் இந்தத் தூக்க மூச்சுத்தடைதான் என்று சிகிச்சை அளித்த மருத்துவமனை சொன்னது. அன்றைக்கு டிவியில் அந்தப் பெயரை நானும் கேட்டேன். தங்கச் சங்கிலி போட்டவருக்கு வருகிற ஏதோ பணக்கார நோய் என்று நினைத்துச் சேனலை மாற்றினேன்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆணின் குறட்டை சிரிப்பு, பெண்ணின் குறட்டை அவமானம் என்று வைத்திருக்கிறோம். என் உறவிலேயே ஓர் அக்கா, கல்யாண வீடுகளுக்கு வந்தால் மண்டபத்தில் படுக்கவே மாட்டார், விடிய விடிய சமையல்காரரோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். எவ்வளவு பொறுப்பு என்று புகழ்வோம். சென்ற மாதம் இந்த மெஷினைப் பார்த்தபோதுதான், “தம்பி, நான் தூங்கினா சத்தம் வரும்டா, அந்த வெக்கத்துலதான் முழிச்சிருப்பேன்” என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. அதிலும் எல்லாப் பெண்களுக்கும் பெரிய சத்தம் வருவதில்லை. அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி, மனச்சோர்வு என்று வேறு வேஷத்தில் வரும். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த அக்காவுக்கு வருகிற வாரம் பரிசோதனை.

அடுத்து என் ஓட்டுநர் மாணவர்கள். நம் ஊர் சென்னை – திருப்பதி சாலையில் இருப்பதால் உங்களில் பாதிப் பேர் கையில் ஸ்டியரிங். லாரி, வேன், திருப்பதி டாக்சி. விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு நம் சாலையில் எந்த வளைவும் இல்லாத இடத்தில் வண்டிகள் புளியமரத்தில் போய் மோதுவதைப் பார்த்திருக்கிறோம். தூங்கிவிட்டான் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஏழு மணி நேரம் படுத்து எழுந்தும் ஏன் தூங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. லைசென்ஸ் எடுத்தபோது தூக்கத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று நாலைந்து பேரிடம் விசாரித்தேன். “கண்ணைத்தான் சார் பார்த்தாங்க” என்றார்கள். மூடியிருக்கிற கண்ணுக்கு எத்தனை எழுத்து தெரிந்து என்ன? வாகனம் வைத்திருக்கும் என் மாணவ முதலாளிகளே, உங்கள் டிரைவர்களிடம் அந்த எட்டுக் கேள்வியைக் கேளுங்கள். வேலையை விட்டு எடுப்பதற்காகக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒருவனும் உண்மை சொல்ல மாட்டான்.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களைப் பற்றிய பதிவுதான், ஆனாலும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பெஞ்சில் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்து, மதியம் ஆனால் தூங்கி விழுகிற ஒரு பையன் இருந்தான். கும்பகர்ணன் என்று பெயர் வைத்தது நான்தான். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்தால் பிள்ளைகள் வாயால் மூச்சு விடுவார்கள், ராத்திரித் தூக்கம் கெடும், படிப்பு ஏறாது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், போன வாரம்கூட என் படத்துக்கு லைக் போட்டாய். என்னை மன்னித்துவிடு.

எல்லாக் குறட்டையும் வியாதி இல்லை. சளி பிடித்த வாரத்தில், களைத்து விழுந்த நாளில், மல்லாந்து படுத்தபோது மட்டும் வருகிற, இடையில் நிற்காத குறட்டைக்குப் பயந்து யாரும் மெஷின் வாங்க ஓட வேண்டாம். ஒருக்களித்துப் படுங்கள். பனியன் முதுகில் பை தைத்து ரப்பர் பந்து வைக்கிற பழைய உபாயம் உண்டு, மல்லாந்தால் குத்தும். ராத்திரி மதுவை விடுங்கள், எடையைக் குறையுங்கள், மூக்கடைப்புக்கு வைத்தியம் பாருங்கள். போனில் விளம்பரம் வருகிற குறட்டை மோதிரம், காந்தக் கிளிப் எல்லாம் வாங்கி ஏமாறாதீர்கள். என்னிடமே இரண்டு இருக்கிறது, பேத்தி பொம்மைக்குப் போட்டிருக்கிறாள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை ஊதிப் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததாக 2006-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று வந்திருக்கிறது. தொண்டைத் தசைக்குப் பயிற்சியாம். நம் நாதஸ்வரக்காரர்களை யாராவது ஆராய்ந்து பார்க்கலாம். எனக்கு இந்த வயதில் சீவாளி பிடிக்க வராது.

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. இன்றிரவு உங்கள் அப்பாவோ, அம்மாவோ, வீட்டுக்காரரோ தூங்கும்போது கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். விடியற்காலையில் முடிந்தால் இன்னொரு கால் மணி, அந்நேரத்துக் கனவுத் தூக்கத்தில்தான் தசைகள் அதிகம் தளரும். போனில் பதிவு செய்யுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். சத்தம் நிற்கிற இடத்தில் எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் அந்தப் பதிவைக் குடும்பக் குழுவில் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். என் டாக்டர் நான் சொன்ன கதையைவிட அந்த 2 நிமிடம் 40 விநாடியைத்தான் அதிகம் நம்பினார்.

சந்தேகம் இருப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் எனக்குப் போன் செய்யலாம். கருத்துப் பெட்டியில் உடம்பு விவரம் எழுத வேண்டாம், ஊர் முழுக்கப் படிக்கும். ஒன்பதரைக்கு மேல் கூப்பிடாதீர்கள், முகமூடிக்குள்ளிருந்து பேசினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

திருவள்ளூர் மச்சினருக்கு ஒரு வார்த்தை: மாமா, மூன்று நாளாகக் கேட்டும் நீங்கள் கழுத்து அளவு அனுப்பவில்லை. டேப் இல்லையென்றால் நூல் வைத்துச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.